வேகத்தை அப்புறம் பார்க்கலாம்: ஸ்போர்ட்டி கிராஸ்ஓவரை ஓட்டிப் பார்க்கப் போகிறவர்களுக்கு

டெஸ்ட் டிரைவ் போனால் பெரும்பாலும் நடப்பது இதுதான். விற்பனைப் பிரதிநிதி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, தனக்குப் பழகிய ஒரு பாதையில் வழி சொல்லிக்கொண்டே வருவார். சாலை கொஞ்சம் காலியானதும் அவர் குரலில் உற்சாகம் ஏறும். "சார், ஸ்போர்ட் மோடில் போட்டு ஒருமுறை நன்றாக அழுத்துங்கள்!" அழுத்துவோம். என்ஜின் உறுமும், முதுகு இருக்கையில் பதியும், நம்மை அறியாமல் சிரிப்பு வரும். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தால் மேஜையில் காப்பியும் புக்கிங் படிவமும் காத்திருக்கும்.

அந்தப் பாய்ச்சலைச் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. 150, 160 குதிரைத்திறன் உள்ள கார் பாயத்தான் செய்யும். விளம்பரக் கையேட்டிலேயே அது அச்சாகியிருக்கிறது. கையேட்டில் அச்சாகாதவற்றைப் பார்க்கத்தான் நாம் போகிறோம். சிக்னலில் ஊர்ந்து போகும்போது வண்டி வெட்டி வெட்டிப் போகிறதா, குழியில் இறங்கினால் பின்சீட்டில் இருக்கும் அம்மாவின் இடுப்பு என்ன ஆகிறது, ஏற்றத்தில் நின்று கிளம்பினால் பின்னால் உருள்கிறதா என்பதெல்லாம் ஓட்டினால்தான் தெரியும். இந்த வகை வண்டிகளின் குறைகளில் முக்கால்வாசி 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழேதான் வெளிப்படும். நம் ஊர்ச் சாலைகளில் அவை அதிக நேரம் ஓடப்போவதும் அந்த வேகத்தில்தான்.

நான் இருப்பது கோயம்புத்தூர். அதனால் சாலை உதாரணங்கள் இந்தப் பக்கத்திலிருந்தே வரும். உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த வண்டியை ஓட்டப் போகிறீர்கள்?

கிராஸ்ஓவர் என்பது சாதாரணக் காரின் அடித்தளத்தில் கொஞ்சம் உயரமான உடலை ஏற்றி, எஸ்யூவி தோற்றம் கொடுத்த வண்டி. அதில் 'ஸ்போர்ட்டி' என்று விற்பவற்றை இரண்டாகப் பிரித்துவிடலாம். என்ஜினே வேறாக இருப்பவை ஒரு வகை. சிவப்புக் கோடும் கறுப்புச் சக்கரமும் மட்டும் வேறாக இருப்பவை இன்னொரு வகை. இரண்டும் ஷோரூம் விளக்கொளியில் ஒன்றுபோலவே மின்னும்.

ஹூண்டாய் கிரெட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின் 115 குதிரைத்திறனும் 144 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. 2024 மார்ச்சில் வந்த கிரெட்டா 'என் லைன்' (N Line) வகையில் இருப்பதும் 1.5 லிட்டர்தான், ஆனால் என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ இருப்பதால் 160 குதிரைத்திறன், 253 நியூட்டன் மீட்டர். பெயரும் கொள்ளளவும் ஒன்று, ஓட்டும் அனுபவம் முற்றிலும் வேறு. மாருதி ஃபிராங்க்ஸிலும் இதே கதை. 1.2 லிட்டர் என்ஜின் 90 குதிரைத்திறன் தரும். அதில் ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் கிடைப்பது ஏஎம்டி, அதாவது மேனுவல் கியர்பாக்ஸின் கிளட்சையும் கியரையும் எந்திரமே இயக்கும் வகை. 1.0 லிட்டர் டர்போ 100 குதிரைத்திறன் தரும். அதன் ஆட்டோமேட்டிக் ஆறு வேகங்கள் கொண்ட டார்க் கன்வெர்ட்டர். இதை ஓட்டிப் பார்த்துவிட்டு அதை வாங்குகிறவர் ஓட்டிப் பார்க்காத காரைத்தான் வாங்குகிறார்.

எனவே போனில் பேசும்போதே மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். டெமோ காரில் இருப்பது எந்த என்ஜின், எந்தக் கியர்பாக்ஸ், எத்தனை அங்குலச் சக்கரம்? நீங்கள் வாங்க நினைப்பதோடு இந்த மூன்றும் பொருந்த வேண்டும். "எல்லாம் ஒரே மாதிரிதான் சார், வந்து ஓட்டிப் பாருங்கள்" என்று பதில் வந்தால், சரியான கார் வந்ததும் கூப்பிடச் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். பல நகரங்களில் ஒரே நிறுவனத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட டீலர்கள் இருக்கிறார்கள். ஒருவரிடம் இல்லாத டெமோ கார் இன்னொருவரிடம் இருக்கும்.

எப்போது போவது, யாரைக் கூட்டிப் போவது

சனி, ஞாயிறு வேண்டாம். வரிசையில் அடுத்தவர் காத்திருப்பார். உங்களுக்குக் கிடைப்பது தெருவை ஒரு சுற்று. அட்சய திருதியை, ஆயுத பூஜையை ஒட்டிய வாரங்களும் அப்படித்தான். என் யோசனை ஆடி மாதம். புது வண்டி எடுக்கப் பலர் தயங்குகிற மாதம் என்பதால் ஷோரூமில் ஈயாடும். பிரதிநிதிக்கும் நிதானமாக உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். ஆடியில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்துவிட்டு ஆவணியில் வண்டியை எடுத்துக்கொள்ளலாம். யார் மனமும் புண்படாது.

நாளைக் குறித்துவிட்டால் நேரம். இரண்டு முறை போக முடியுமானால் ஒன்று வெயில் உச்சியில், இன்னொன்று மாலை நெரிசலில் இருக்கட்டும். ஸ்போர்ட்டி வகைகளில் உட்புறம் கறுப்பாகவே இருக்கும். கறுப்புச் சீட், கறுப்புக் கூரை, அதில் சன்ரூஃப் வேறு. வெயிலில் நின்ற வண்டியை ஏசி எவ்வளவு நேரத்தில் குளிரவைக்கிறது என்பது காலை ஒன்பது மணிக்குப் போனால் தெரியாது. ஒரே முறைதான் போக முடியும் என்றால் மாலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். நெரிசல் சொல்லித் தருவது அதிகம்.

வீட்டில் அதிகம் ஓட்டப்போகும் இன்னொருவர், முழங்கால் வலி உள்ள பெரியவர், எல்லாரையும்விட உயரமானவர், இந்த மூவரையும் அழைத்துப் போங்கள். கார் விஷயத்தில் எல்லாம் தெரிந்த மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போவது நல்லது. அவர் ஓட்டிக் காட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

ஓட்டுநர் உரிமத்தைக் கையிலோ டிஜிலாக்கரிலோ வைத்திருங்கள். கிளம்பும் முன் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதில், வண்டிக்குச் சேதம் ஏற்பட்டால் யார் பொறுப்பு, காப்பீட்டில் வராத தொகையை உங்களிடம் கேட்பார்களா என்று எழுதியிருக்கும். படித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

சாவியைத் திருகும் முன்

வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள். டயரின் காற்றழுத்தத்தைப் பாருங்கள். பல மாடல்களில் அது திரையிலேயே தெரியும். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். காற்று அதிகமாக இருந்தால் வண்டி முரடாகக் குதிக்கும், குறைவாக இருந்தால் ஸ்டீயரிங் மந்தமாக இருக்கும். இரண்டிலும் நீங்கள் மதிப்பிடுவது காரை அல்ல, காற்றைத்தான்.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்களையும் படியுங்கள். 215/60 ஆர்17 என்றால் டயரின் அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 விழுக்காடு, சக்கரம் 17 அங்குலம். கணக்குப் போட்டால் பக்கச் சுவர் 129 மில்லிமீட்டர். கிரெட்டா என் லைனில் வரும் 215/55 ஆர்18 டயருக்கு அது 118 மில்லிமீட்டர். அந்த 11 மில்லிமீட்டர் ரப்பர்தான் குழியின் அடியை முதலில் வாங்கிக்கொள்வது. சக்கரம் பெரிதாகப் பெரிதாகப் படத்தில் அழகு கூடும், சாலையில் மெத்தை குறையும். மாற்று டயரின் விலையும் ஏறும். அதையும் அப்போதே கேட்டு வையுங்கள். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி முழு அளவா, சிறியதா என்று பார்த்துவிடுங்கள்.

உள்ளே உட்கார்ந்ததும் அவசரப்பட்டுக் கிளம்பாதீர்கள். சீட்டின் உயரம், சாய்வு, ஸ்டீயரிங்கின் உயரம், மூன்று கண்ணாடிகள் எல்லாவற்றையும் உங்களுக்கு ஏற்பச் சரிசெய்யுங்கள். ஸ்டீயரிங்கை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி சில வண்டிகளில் இருக்காது. நீண்ட கால் உள்ளவர்களுக்கு அது பெரிய தொல்லை. முன்கண்ணாடிக்கு இரு பக்கமும் உள்ள தூண்கள் வலப்பக்கம் திரும்பும்போது ஒரு பைக்கையே மறைக்கும் அளவுக்குத் தடிமனாக இருக்கின்றனவா என்று நின்ற இடத்திலேயே தலையை அசைத்துப் பாருங்கள்.

என்ஜினை இயக்கியதும் திரையில் சராசரி மைலேஜ் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். முந்தைய பலர் அழுத்தி ஓட்டிய டெமோ காரின் சராசரி அது, அவ்வளவு நியாயமான எண் இல்லைதான். ஆனால் கையேட்டில் இருக்கும் எண்ணுக்கும் உங்கள் பர்ஸுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விழக்கூடும் என்று அது காட்டிக்கொடுக்கும். டர்போ பெட்ரோல் வண்டிகளில் வலது காலின் கனம் மைலேஜில் பெரிய வித்தியாசம் செய்யும்.

ஊர்ந்து பாருங்கள்

ஒரு மணி நேரம் கொடுத்தார்கள் என்றால் அரை மணி நேரத்தை நெரிசலுக்கே கொடுக்கச் சொல்வேன். காந்திபுரம் மாதிரி ஓர் இடம் போதும்.

ஃபோக்ஸ்வாகன் டைகுன், ஸ்கோடா குஷாக் ஆகியவற்றின் 1.5 டர்போவோடும் கிரெட்டா என் லைனோடும் வருகிற ஏழு வேக ஆட்டோமேட்டிக், இரட்டைக் கிளட்ச் வகை. ஒரு கிளட்ச் ஒற்றைப்படைக் கியர்களையும் மற்றது இரட்டைப்படைக் கியர்களையும் பார்த்துக்கொள்ளும். மூன்றாம் கியரில் ஓடும்போதே நான்காவது தயாராக நிற்கும் என்பதால் வேகமாகப் போகையில் கியர் மாறுவதே தெரியாது. நெடுஞ்சாலையில் இதை விஞ்ச ஆளில்லை. ஆனால் இவற்றில் இருப்பது எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச். நெரிசலில் அரையடி நகர்ந்து நிற்கும்போதெல்லாம், மனிதன் அரைக் கிளட்சில் பிடிப்பதைப் போல எந்திரமும் பிடித்து விடுகிறது. அப்போது சூடு ஏறும். சில நேரம் வெட்டும்.

இதைச் சோதிக்கும் முறை எளிது. முன்னால் வண்டிகள் நிற்கும் இடத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் தானாக ஊர விடுங்கள். பிறகு லேசாக ஆக்ஸிலரேட்டர், உடனே லேசாக பிரேக். திரும்பத் திரும்பச் செய்யுங்கள். முதல் கியரிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து முதலுக்கும் மாறும் நேரத்தில் கழுத்து முன்னும் பின்னும் ஆடுகிறதா என்று கவனியுங்கள். ஓட்டுகிறவருக்கு அது தெரியாமல் போகலாம். பக்கத்தில் இருப்பவரின் தலையைப் பார்த்தால் தெரியும்.

டார்க் கன்வெர்ட்டர் இந்த இடத்தில் மிருதுவானது; கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் விசையைக் கடத்துகிறது. அழுத்தியதும் உடனே பாயாமல் ஒரு கணம் யோசிக்கும், அவ்வளவுதான். படிப்படியான கியர்களே இல்லாத சிவிடி நெரிசலில் வெண்ணெய். முழுதாக அழுத்தினால் மட்டும் என்ஜின் முதலில் கத்திவிட்டு வண்டி பிறகு வரும். ஏஎம்டி கொண்ட எதையும் ஸ்போர்ட்டி என்று யாராவது விற்றால் புன்னகைத்துவிட்டு நகருங்கள்.

மேனுவல் கியர் எடுக்கிறவர்கள் வேறொன்றைப் பார்க்க வேண்டும். டர்போ என்ஜினுக்கு உயிர் வருவது ஒரு குறிப்பிட்ட சுழற்சிக்கு மேல்தான். ஃபிராங்க்ஸ் டர்போவின் முழு முறுக்குவிசை நிமிடத்துக்கு 2000 சுழற்சியில் தொடங்குகிறது. கிரெட்டா என் லைனில் 1500-இலேயே வந்துவிடுகிறது. இந்த வித்தியாசத்தை உணர ஒரு வேகத்தடை போதும். இரண்டாம் கியரில் 15 கிலோமீட்டர் வேகத்தில் வேகத்தடையில் ஏறி இறங்கி, கியரை மாற்றாமல் அழுத்துங்கள். ஏசி ஓடட்டும், நான்கு பேர் உட்கார்ந்திருக்கட்டும். வண்டி முனகிக்கொண்டு தாமதமாக எழுந்தால், உங்கள் தெருவில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முதல் கியர் போட வேண்டியிருக்கும். இடது கால் பாவம்.

மூன்று சிலிண்டர் என்ஜின் என்றால் சிக்னலில் நிற்கும்போது உள்ளங்கையை ஸ்டீயரிங்கில் லேசாக வைத்துப் பாருங்கள். அதிர்வு சிலருக்கு எரிச்சல், சிலருக்குப் பொருட்டே இல்லை. இதில் மற்றவர் கருத்து உதவாது.

ஏற்றத்தையும் விட்டுவிடாதீர்கள். கோவையில் மருதமலைப் பக்கம் போனால் தோதான சாலை இருக்கிறது. இல்லாவிட்டால் ஏதாவது வணிக வளாகத்தின் பார்க்கிங் சரிவே போதும். பாதி ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்துக் கிளம்புங்கள். ஹில் ஹோல்டு வசதி ஓரிரு விநாடிதான் பிடிக்கும். அதற்குள் வண்டி சத்தமில்லாமல் கிளம்புகிறதா, கிளட்சைத் தேடித் தடுமாறுகிறதா?

குழியும் வேகத்தடையும்

கிரெட்டாவும் ஃபிராங்க்ஸும் தரையிலிருந்து 190 மில்லிமீட்டர் உயரம், டைகுன் 188, டாடா நெக்ஸான் 208, ஹோண்டா எலிவேட் 220. எண்ணில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. நான்கு பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏறினால் எந்த வண்டியும் சில சென்டிமீட்டர் இறங்கும். அதனால் இந்தச் சோதனையைத் தனியாகப் போய்ச் செய்வதில் பொருளில்லை. ஆட்களை ஏற்றிக்கொண்டு, உங்கள் வீட்டுத் தெருவில் இருக்கும் அந்தப் பொல்லாத வேகத்தடைக்கே வண்டியைக் கொண்டுபோங்கள். ஊராட்சி போட்டதா, தெருக்காரர்களே போட்டதா என்று தெரியாத ஒன்று எல்லாத் தெருவிலும் இருக்கும். அடி தட்டினால் அதை விலைப்பட்டியல் பார்த்துச் சமாதானம் செய்துகொள்ள முடியாது.

ஸ்போர்ட்டி வண்டியின் சஸ்பென்ஷன் இறுக்கமாக இருப்பது இயல்பு. வளைவில் சாயாமல் இருக்க அது தேவை. இறுக்கத்தில் நல்லதும் கெட்டதும் உண்டு. நல்ல இறுக்கம் என்றால் குழியில் ஒரு தட்டு, அதோடு முடிந்தது. கெட்ட இறுக்கம் என்றால் தட்டிய பிறகு இரண்டு மூன்று முறை ஆடும், கதவுப் பலகையில் கடகட சத்தம் வரும். 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை, 40-இல் ஒருமுறை அதே உடைந்த சாலையில் போய்ப் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகள் மெதுவாகப் போகும்போது கொஞ்சம் கரடாகவும் வேகம் கூடும்போது அமைதியாகவும் மாறுவதைப் பலர் கவனித்திருப்பார்கள். தினமும் நெடுஞ்சாலை ஏறுகிறவருக்கு அது வரம், ஆர்.எஸ்.புரத்துக்குள்ளேயே சுற்றுகிறவருக்கு அப்படி இல்லை.

பாதி வழியில் ஸ்டீயரிங்கை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பின்சீட்டுக்குப் போய்விடுங்கள். நிறையப் பேர் இதைச் செய்வதே இல்லை. முன்சீட்டில் உல்லாசமாக இருக்கிற வண்டி பின்சீட்டில் வேறு முகம் காட்டும். சரிந்து இறங்கும் கூரை கொண்ட டாடா கர்வ், சிட்ரோயன் பசால்ட் போன்ற வண்டிகளிலும், ஃபிராங்க்ஸிலும் உயரமானவரைப் பின்னால் உட்காரவைத்தே முடிவெடுங்கள். கறுப்புக் கூரை, சிறிய பின் சன்னல், உயரமான சன்னல் விளிம்பு எல்லாம் சேர்ந்தால் குழந்தைகளுக்கு வெளியே எதுவும் தெரியாது. மலைப்பாதையில் வாந்திக்கு அதுவே போதும்.

பெரியவர்களை ஏறி இறங்கச் சொல்லும்போது கூடவே நின்று பாருங்கள். இந்தக் குடும்ப வண்டிகள் இவ்வளவு விற்பதற்குக் காரணமே, குனிந்து விழுந்து உட்காரவோ எம்பி ஏறவோ தேவையில்லாமல், சீட் இடுப்பு உயரத்தில் இருப்பதுதான். ஆனால் ஸ்போர்ட்டி சீட்டுகளின் ஓரங்கள் தொடையைப் பிடித்துக்கொள்ள மேடாக இருக்கும். சேலை கட்டியவர் ஒரு காலை உள்ளே வைத்து, அந்த மேட்டின் மேல் நகர்ந்து உள்ளே போக வேண்டும். கதவின் கீழ்ச் சட்டமும் அகலமாக இருந்தால் இறங்கும்போது சேலையின் ஓரம் அதில் உரசி அழுக்காகும். "ஏறுவது சுகமாகத்தான் இருக்கிறது, இறங்கும்போதுதான் கை பிடிக்க ஒன்றும் இல்லை" என்று அம்மா சொன்னால், கூரையோரம் கைப்பிடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது உங்கள் வேலை.

வளைவு, முந்துதல், பிரேக்

இப்போது வேகம். அவினாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்த பிறகு, நகரத்துக்குள்ளேயே சீரான வேகத்தில் ஓட்ட ஓரிடம் கிடைத்திருக்கிறது. வேக வரம்புக்குள்ளேயே நிறையத் தெரிந்துகொள்ளலாம். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, பின்சீட்டில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேசுங்கள். குரலை உயர்த்த வேண்டியிருந்தால் டயரின் இரைச்சலோ காற்றின் இரைச்சலோ அதிகம் என்று பொருள். பாட்டுப் போட்டுக் காட்டுவதில் பிரதிநிதி ஆர்வமாக இருப்பார். கடைசியில் கேட்கலாம்.

முந்துவதைச் சோதிக்க நான்குவழிச் சாலை வேண்டும். 60-இலிருந்து 90-க்குப் போக ஆட்டோமேட்டிக் எவ்வளவு நேரம் யோசிக்கிறது? பாதி அழுத்தினால் ஒரு கியர் இறங்குகிறதா, இரண்டு இறங்கிக் கத்துகிறதா? சாதாரண மோடிலேயே இதைப் பாருங்கள். ஸ்போர்ட் மோடில் எல்லா வண்டியும் சுறுசுறுப்பாகத்தான் இருக்கும்; வீட்டுக்குப் போன பிறகு அந்தப் பொத்தானை அழுத்துகிறவர்கள் குறைவு. ஸ்போர்ட் மோடு சில வண்டிகளில் ஸ்டீயரிங்கைக் கனமாக்கும். கனம் கூடியது என்பதற்காகச் சாலையின் உணர்வு கைக்கு வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ஒரு நீண்ட வளைவில் ஸ்டீயரிங்கை ஒரே நிலையில் வைத்தபடி போக முடிகிறதா, நடுவில் திருத்தித் திருத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறதா என்பதே சரியான அளவுகோல்.

சேலத்துக்காரர்களுக்கு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, பொள்ளாச்சிக்காரர்களுக்கு வால்பாறையின் 40, நாமக்கல்காரர்களுக்குக் கொல்லிமலையின் 70. டெமோ காரை அங்கே கொண்டுபோக எந்த டீலரும் லேசில் சம்மதிக்க மாட்டார். அதற்கு வேறு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

பிரேக்கைச் சோதிக்காமல் திரும்ப வேண்டாம். பின்னால் வண்டி எதுவும் வரவில்லை என்று கண்ணாடியில் உறுதி செய்து, உள்ளே இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு, 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பலமாக மிதியுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்தால் பெடல் காலடியில் துடிக்கும். அது கோளாறு இல்லை. ஒரு பக்கம் இழுக்கிறதா, முன்பக்கம் அளவுக்கு மீறிக் குனிகிறதா என்று பாருங்கள். டெமோ கார் பலர் கையில் அடிபட்டது என்பதால் பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம். லேசான கிறீச் ஒலிக்காக அந்த மாடலையே ஒதுக்கிவிட வேண்டாம்.

முன்னால் தடை வந்தால் தானாக பிரேக் போடும் அடாஸ் வசதி சில வண்டிகளில் இருக்கிறது. அதைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று யாரும் அட்டைப்பெட்டியையோ தம்பியையோ முன்னால் நிறுத்தாதீர்கள். சோதிக்க வேண்டியது தடம் காக்கும் வசதியை. இண்டிகேட்டர் போடாமல் ஒரு பைக்கை விலகிப் போனால் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் இழுக்கிறதா, அதை நிறுத்தி வைக்கும் பொத்தான் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்தால் போதும். மற்ற மின்னணு அலங்காரங்கள் எல்லாம் நின்ற வண்டியில் பார்க்கக்கூடியவை.

விபத்துப் பாதுகாப்பை ஓட்டிப் பார்த்து அறிய முடியாது. அதற்கு 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கும் பாரத் என்கேப் மோதல் சோதனையின் மதிப்பெண்களையும், அதற்கு முன்பு குளோபல் என்கேப் கொடுத்தவற்றையும் வீட்டிலிருந்தே பாருங்கள்.

காப்பி குடியுங்கள், கையெழுத்து வேண்டாம்

திரும்பி வந்ததும் அன்றே புக்கிங் போடச் சொல்வார்கள். தள்ளுபடி இன்றோடு முடிகிறது என்பார்கள். அடுத்த வாரமும் ஏதோ ஒரு தள்ளுபடி இருக்கும். போட்டி வண்டியை முடிந்தால் அன்றே, அதே சாலையில் ஓட்டுங்கள். கால் மறக்கும் முன் ஒப்பிட்டுவிட வேண்டும்.

ஆன்-ரோடு விலையைப் பிரித்து எழுதி வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1200 சிசிக்கு மிகாத பெட்ரோல் என்ஜினும் கொண்ட கார்களுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு, அதைத் தாண்டிய பெட்ரோல் கார்களுக்கு 40. அது ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டியது தமிழ்நாட்டின் வாழ்நாள் வரியை. 2023 நவம்பரில் உயர்ந்த விகிதப்படி 5 முதல் 10 லட்சம் வரை 13 விழுக்காடு, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. 9.9 லட்ச ரூபாய் வண்டிக்கு ஏறக்குறைய 1.29 லட்சம் வரி என்றால், 10.1 லட்ச ரூபாய் வண்டிக்கு 1.82 லட்சம். விலையில் இருபதாயிரம் வித்தியாசம், வரியில் ஐம்பதாயிரத்துக்கு மேல். சிவப்புக் கோடு போட்ட வகைக்கு மேலேறும் முன் இந்தக் கோட்டைத் தாண்டுகிறோமா என்று பார்ப்பது நல்லது. 10 லட்சத்துக்கு மேல் போனால் ஒரு விழுக்காடு டி.சி.எஸ். (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம். காப்பீட்டை டீலரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியே ஒரு விலை கேட்டுவிட்டுப் போனால் உள்ளே விலை இறங்கும்.

மலைப்பாதைக்கு வழி சொல்கிறேன் என்றேன். நீங்களே ஓட்டும் வாடகைக் கார்கள் இருக்கின்றன. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து போட்டவை. நீங்கள் நினைத்த மாடல் அதே என்ஜின், அதே கியர்பாக்ஸோடு கிடைத்தால் ஒரு வார இறுதிக்கு எடுத்துக் குடும்பத்தோடு மலை ஏறி இறங்குங்கள். வீட்டு வாசலில் நிறுத்திப் பாருங்கள், கேட்டுக்குள் திருப்பிப் பாருங்கள், இரவில் முகப்பு விளக்கைப் பாருங்கள். சில ஆயிரம் ரூபாய் ஆகும். பதினைந்து லட்சத்தை எடுத்து வைக்கப்போகிறவருக்கு அது பெரிய செலவு இல்லை.

அதன் பிறகும் மனம் அதே வண்டியில்தான் நிற்கிறது என்றால் புக்கிங் போடலாம். ரசீதில் வகையின் முழுப் பெயர், என்ஜின், கியர்பாக்ஸ், நிறம், தயாரிப்பு மாதம், புக்கிங்கை ரத்து செய்தால் எவ்வளவு பிடித்தம், எத்தனை நாளில் பணம் திரும்பும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். "அதெல்லாம் வாய்வார்த்தை போதும் சார்" என்று சொன்னால், காப்பிக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த டீலருக்குப் போன் போடுங்கள்.